ரோட்ஸ்: கோட்டைக்குள் தங்குவதா, வெளியே தங்குவதா? (அம்மாவுக்கு முட்டிவலி)

மதில்மேல்_பூனை:

வணக்கம் மக்களே. செப்டம்பர் கடைசியில் கிரீஸ் போகிறோம், நான், வீட்டுக்காரர், அம்மா. ஏதென்ஸ் முடித்துவிட்டு ரோட்ஸ் தீவுக்கு விமானம் போட்டாயிற்று. சாண்டோரினி போகலையா என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள், வெள்ளைச் சுவரும் நீலக் கூரையும் எனக்குப் போட்டோவிலேயே போதும், கடலோரக் கோட்டைதான் பார்க்கணும்.

பழைய நகரம் முழுக்க மதிலுக்குள்தான், உள்ளேயே சின்னச் சின்ன ஓட்டல்கள் நிறைய என்று படித்தேன். அம்மாவை வைத்துக்கொண்டு உள்ளே தங்குவது சரிப்படுமா? முன்பு ஊரை ஆண்ட துறவிப் படைத் தலைவர் இருந்த கிராண்ட் மாஸ்டர் மாளிகைக்குக் காசு கொடுத்துப் போகலாமா? அப்புறம் எதிர்க்கரையில் துருக்கி தெரியுமாமே, மார்மாரிஸ் ஒரு எட்டுப் போய்வர முடியுமா? அம்மா சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. போனவர்கள் சொல்லுங்கள்.

ஊர்சுற்றி_கோவை:

உள்ளேதான், யோசிக்கவே வேண்டாம். பகலில் சுற்றுலாக் கப்பல்கள் வந்து கொட்டுகிற கூட்டத்தில் சோக்ராதுஸ் கடைத்தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. சாயங்காலம் கப்பல் கிளம்பியதும் ஊரே வேறு ஆளாகிவிடும். உள்ளூர்ப் பிள்ளைகள் சந்தில் பந்து உதைப்பார்கள், பாட்டிகள் வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார்கள். இது மியூசியம் மாதிரிப் பூட்டி வைத்த கோட்டை கிடையாது, உள்ளே இன்றைக்கும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். அதை ராத்திரி உள்ளே இருந்தால்தான் பார்க்க முடியும். பகல் 11 மணிக்கு வந்து 4 மணிக்குப் போகிறவர்கள் பார்ப்பது குளிர்பானக் கடையும் தோல் செருப்புக் கடையும்தான்.

ஒரே ஒரு விஷயம், சக்கரப் பெட்டி எடுத்துப் போகாதீர்கள். தரை முழுக்கக் கடல் கூழாங்கல்லை நிறுத்திவைத்துப் பதித்தது, ஹொக்லாகியா என்பார்கள். முற்றங்களில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோலமே போட்டிருப்பார்கள், பார்க்க அவ்வளவு அழகு. பெட்டியை அதன்மேல் இழுத்தால் சக்கரம் போய்விடும்.

ஸ்டுட்கார்ட்_அக்கா:

தம்பி, சக்கரமே போய்விடும் என்று நீங்களே சொல்கிறீர்கள், அந்தத் தரையில் முட்டிவலிக்கார அம்மாவை நடக்கச் சொல்கிறீர்கள். கூழாங்கல் தட்டையாக இருக்காது, உருண்டையாகத் துருத்திக்கொண்டு நிற்கும். கடைத்தெருவிலும் பெரிய சதுக்கங்களிலும் பரவாயில்லை, உள்சந்துகளில் மெல்லிய செருப்போடு பத்து நிமிஷம் நடந்தாலே பாதம் எரியும். மழை பெய்தால் வழுக்கும் வேறு.

பூனை, நான் சொல்வது இதுதான். மதிலுக்கு வெளியே மந்த்ராகி துறைமுகத்துப் பக்கம் புதுநகரத்தில் தங்குங்கள். லிப்ட் உள்ள ஓட்டல் கிடைக்கும், டாக்சி வாசலுக்கே வரும், எல்லி கடற்கரை நடை தூரம். விடுதலை வாசல் வழியாக உள்ளே நுழைய கொஞ்ச நேரம்தான் ஆகும். உள்ளே இருக்கிற பழைய வீட்டு ஓட்டல்களில் பெரும்பாலும் குறுகலான மாடிப்படி, மரத்தில் தனியாக ஒரு பரண் கட்டி அதன்மேல் படுக்கை போட்டிருப்பார்கள், போட்டோவில் ஜோராக இருக்கும், அம்மா எப்படி ஏறுவார்கள்? உள்ளே கார் வரக் கட்டுப்பாடு உண்டு. பல டாக்சிகள் கோட்டை வாசலோடு இறக்கிவிட்டுப் போய்விடும், அங்கிருந்து மூட்டையோடு நடை.

ஒரு சின்னத் தகவல். 1522க்குப் பிறகு துருக்கியர் ஆட்சியில் கிரேக்கர்கள் யாரும் மதிலுக்குள் குடியிருக்கக்கூடாது. பகலில் உள்ளே கடை வைக்கலாம், வேலை பார்க்கலாம், பொழுது சாய்வதற்குள் வெளியேறிவிட வேண்டும். அப்படி வெளியே போனவர்கள் கட்டிய குடியிருப்புகள்தான் இன்றைய புதுநகரத்துக்கு அடிப்படை. ஆக வெளியே தங்குவதும் சரித்திரப்படிதான் :-)

வரலாறும்_வம்பும்:

தங்குவதைப் பற்றி நீங்கள் இருவரும் சண்டை போட்டுக்கொள்ளுங்கள், நான் மாளிகை விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் ரோட்ஸ் போகிறவர்களில் பாதிப்பேர் ஊரிலேயே புதுசான கட்டடத்துக்கு வரிசையில் நின்று காசு கொடுத்துவிட்டு, உண்மையிலேயே பழையதை இலவசமாக இருந்தும் பார்க்காமல் திரும்புகிறார்கள்.

கிராண்ட் மாஸ்டர் மாளிகை 14ஆம் நூற்றாண்டுது என்று பலகையில் இருக்கும். அடித்தளமும் கீழ்ப்பகுதிச் சுவர்களும் அப்படித்தான். துருக்கியர் காலத்தில் அதைச் சிறையாக வைத்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த செயின்ட் ஜான் தேவாலயத்துக்கு அடியில் வெடிமருந்தைப் போட்டு மறந்தே போனார்கள், 1856இல் இடி விழுந்து அது மொத்தமும் வெடித்தது. தேவாலயம் தரைமட்டம், மாளிகையின் மேல்தளம் காலி, சுற்றிலும் குடியிருந்த பலர் செத்தார்கள். அப்புறம் எண்பது வருஷம் இடிபாடாகவே கிடந்தது. 1937 முதல் 1940 வரை இத்தாலியர்கள் அதைத் திரும்பக் கட்டினார்கள், மெஸ்தூரினோ என்ற கட்டடக் கலைஞர் தலைமையில். இத்தாலி ராஜாவும் முசோலினியும் வந்தால் தங்குவதற்காம். முசோலினி பெயர் பொறித்த பெரிய கல்வெட்டு இன்னும் வாசல் பக்கம் இருக்கிறது, தேடிப் பாருங்கள். மேல்தள அறைகள் முன்பு எப்படி இருந்தன என்பதற்கு ஆதாரம் கொஞ்சம்தான், மீதி அவர்கள் கற்பனை. தரையில் பதித்திருக்கிற மொசைக்கைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளப்பார்கள், பாம்புக் கூந்தல் மெதூசா தலை, ஒன்பது கலைத்தேவியர் எல்லாம். அதுவும் இந்த ஊர்ச் சரக்கு இல்லை, கோஸ் தீவில் தோண்டி எடுத்து இங்கே கொண்டுவந்து ஒட்டியது.

என்ன செய்யலாம் என்றால், அகழியில் இறங்குங்கள். டிக்கெட் கிடையாது. அதில் எந்தக் காலத்திலும் தண்ணீர் இருந்ததில்லை, உலர் அகழி. அம்புவாஸ் வாசல் பக்கம் இறங்கி அக்காந்தியா பக்கம் ஏறினால் நிலப்பக்கத்து மதில் முழுவதையும் அடியில் இருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே போகலாம். மொத்த மதில் சுற்றளவு ஏறக்குறைய 4 கிலோமீட்டர், அதில் கடல் பக்கம் போக மீதி உங்கள் தலைக்கு மேல். தரை மண்ணும் புல்லும், கூழாங்கல் இல்லை, அம்மாவுக்கும் நல்லது. வழியெல்லாம் கல் பீரங்கிக்குண்டுகள் அப்படியே கிடக்கும், சில ஒரு ஆள் கட்டிப்பிடிக்கிற பருமன்.

ஊர்சுற்றி_கோவை:

அகழி சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாளிகையைப் போலி என்கிற மாதிரிப் பேசுவது அதிகம். இத்தாலியர் 1912இல் இருந்து ஆண்ட காலமும் அந்த ஊரின் சரித்திரம்தானே? கீழ்த்தளத்தில் ரோட்ஸின் 2400 ஆண்டு வரலாற்றுக் கண்காட்சி அருமையானது, அதற்காகவே போகலாம். 1988இல் ஐரோப்பிய நாடுகளின் தலைவர்கள் மாநாடே அங்கேதான் நடந்தது.

வரலாறும்_வம்பும்:

போலி என்று நான் சொல்லவில்லை, 1940 வருஷத்துக் கட்டடம் என்கிறேன். 1940ஐப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்து போனால் நானும் சிபாரிசு செய்வேன். மாநாடு நடந்ததால் சுவர் பழசாகிவிடாது சார்.

தயிர்சாதம்:

சாப்பாட்டுக்கு நான் வந்துவிட்டேன். கிரீஸில் சைவம் கஷ்டம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் வருஷத்தில் பாதி நாள் நோன்பு இருப்பவர்கள், கறி, பால், முட்டை இல்லாத சமையல் அவர்களுக்கு அத்துப்படி. கடையில் நோன்புச் சாப்பாடு என்ன இருக்கிறது என்று கேளுங்கள், "வெஜிட்டேரியன்" என்று கேட்பதைவிட நல்ல பதில் வரும். ஒரு எச்சரிக்கை, இறால், கணவாய், சிப்பி எல்லாம் அவர்களுக்கு நோன்பில் சேர்த்தி. கடல் உணவும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லிவிடுங்கள்.

ரோட்ஸ் போய்விட்டு பிதாரூதியா சாப்பிடாமல் வராதீர்கள். கொண்டைக்கடலையை அரைத்து வெங்காயம், தக்காளி, புதினா போட்டு எண்ணெயில் பொரித்தது, அச்சு அசல் நம்ம மசால் வடையின் ஒன்றுவிட்ட தங்கை. முட்டை சேர்த்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள், கடைக்குக் கடை மாறும். அப்புறம் ஜிகாந்தெஸ், பெரிய வெள்ளை மொச்சையைத் தக்காளியில் வேகவைத்து அடுப்பில் சுட்டது. திராட்சை இலையில் அரிசி சுற்றிய தோல்மாவில் கறி இல்லாத வகையும் உண்டு, கேட்டு வாங்குங்கள். ஊர் இனிப்பு மெலெகூனி, எள்ளும் தேனும் பாதாமும், ஆரஞ்சுத் தோல் வாசனையோடு. அங்கே கல்யாணத்துக்கு அதைத்தான் கொடுப்பார்கள். பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தால் கெடாது, ஊருக்கு வாங்க அதுதான் சரி. ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற காந்தம் வாங்காதீர்கள், தயவு செய்து.

ஹிப்பொகிராதிஸ் சதுக்கத்தில் நீரூற்றைச் சுற்றி இருக்கிற கடைகளில் ஆள் நின்று கையைப் பிடித்து இழுப்பார்கள், விலைப்பட்டியல் கையில் வராமல் உட்காராதீர்கள். நான்கு சந்து தள்ளிப் போனால் பாதி விலை.

மதில்மேல்_பூனை:

அடேங்கப்பா, ஒரே ராத்திரியில் இவ்வளவு! தயிர்சாதம், அம்மா உங்களுக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்கள்.

வம்பு சார், அகழியில் நடக்கும்போது எதை எப்படிப் பார்ப்பது என்று கொஞ்சம் சொல்லுங்கள், எனக்கு எல்லாச் சுவரும் ஒன்றுபோலத்தான் தெரியும். பழங்கால உலக அதிசயம் என்பார்களே, ரோட்ஸின் அந்தப் பெரிய வெண்கலச் சிலை எங்கே இருந்தது? என் வீட்டுக்காரர் துறைமுக வாயில் இரண்டு பக்கமும் கால் வைத்து நின்றது என்று அடித்துச் சொல்கிறார்.

வரலாறும்_வம்பும்:

முதலில் சிலை. வீட்டுக்காரரிடம் மெதுவாகச் சொல்லுங்கள், காலை அகட்டி நின்றது என்பது இடைக்காலத்துக்காரர்கள் விட்ட கதை. கிட்டத்தட்ட 33 மீட்டர் உயர வெண்கலச் சிலையை அப்படி நிறுத்தினால் தாங்காது, கட்டுகிற வருஷங்களில் துறைமுகத்தையே மூடி வைத்திருக்கவும் வேண்டும். கி.மு. 305இல் திமேத்ரியோஸ் என்ற ராஜா ஊரை முற்றுகையிட்டு முடியாமல், கொண்டுவந்த முற்றுகை இயந்திரங்களை விட்டுவிட்டுப் போனான், அதை விற்ற காசில் லிந்தோஸ் ஊர்க்காரர் காரெஸ் செய்த சூரியதேவன் சிலை அது. கி.மு. 280 வாக்கில் முடிந்தது, கி.மு. 226 வாக்கில் பூகம்பத்தில் முழங்காலோடு ஒடிந்து விழுந்தது. எங்கே நின்றது என்பதற்கு முடிவே இல்லை. இன்று மந்த்ராகி வாயிலில் இரண்டு தூண்மேல் ஆண் மானும் பெண் மானும் நிற்கும், அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு வாருங்கள்.

இனி மதில். ஹாஸ்பிடலர்கள் என்கிற செயின்ட் ஜான் சபைத் துறவிகள், அதாவது நோயாளிகளைக் கவனிக்க ஆரம்பித்துக் கத்தி எடுத்தவர்கள், 1309 முதல் 1522 வரை இந்த ஊரை வைத்திருந்தார்கள். நம்ம ஊரில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சின்னத்தில் எட்டு முனைச் சிலுவை பார்த்திருப்பீர்களே, அது இவர்கள் வழியாக வந்ததுதான். சபைக்குள் ஊர்வாரியாகப் பிரிவுகள், பிரான்ஸ், இத்தாலி, இங்கிலாந்து, ஜெர்மனி என்று. மதிலையும் அப்படியே பங்கு போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அம்புவாஸ் வாசலில் இருந்து தெற்கே நடந்தால் முதலில் ஜெர்மனி பங்கு, அப்புறம் ஓவர்ன், ஸ்பெயின், இங்கிலாந்து, புரோவென்ஸ், கடைசியில் இத்தாலி (ஓவர்னும் புரோவென்ஸும் பிரான்சின் பகுதிகள்). சுவரில் பளிங்குச் சின்னங்கள் பதித்திருப்பார்கள், எந்தத் தலைவர் காலத்தில் கட்டியது என்பதற்கு அதுதான் கையெழுத்து.

எல்லாச் சுவரும் ஒன்றுபோலத் தெரிகிறது என்கிறீர்கள் இல்லையா, செயின்ட் ஜார்ஜ் கொத்தளத்துக்கு முன்னால் போய் நில்லுங்கள். முதலில் அது ஒரு சதுரக் கோபுரம், நடுவில் வாசல், மேலே குதிரையில் ஜார்ஜ் புடைப்புச் சிற்பம். அம்பும் ஏணியும் வைத்துச் சண்டை போட்ட காலத்துக்கு உயரம்தான் பாதுகாப்பு. பீரங்கி வந்ததும் உயரம் ஆபத்தாகிவிட்டது, உயரமான சுவர் அடித்தால் சரியும். 1480இல் துருக்கியர் முற்றுகை, அடுத்த வருஷமே பூகம்பம். அதில் இருந்து பாடம் படித்து, தலைவர் பியர் தோபுசோன் காலத்திலும் அவருக்குப் பின்னாலும் சுவரைத் தடித்தார்கள், பல இடத்தில் 12 மீட்டர் வரை, அகழியை அகலப்படுத்தினார்கள், தேவையில்லாத வாசல்களை அடைத்தார்கள். செயின்ட் ஜார்ஜ் வாசலும் அப்படி அடைபட்டதுதான். பழைய கோபுரத்தை இடிக்காமல் அதைச் சுற்றிப் பலகோணத்தில் தாழ்வான பருத்த கொத்தளத்தைக் கட்டி மூடினார்கள். கோபுரம் உள்ளே நிற்பது கண்ணுக்குத் தெரியும். ஒரே இடத்தில் வில் அம்புக் காலமும் பீரங்கிக் காலமும்.

1522இல் துருக்கி சுல்தான் சுலைமானே நேரில் வந்துவிட்டார். இந்தத் தடவை பீரங்கியைவிட ஆபத்து பூமிக்கு அடியில். சுவருக்குக் கீழே சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைத்துத் தகர்க்கிற வேலை. உள்ளே தாதினி என்ற இத்தாலியப் பொறியாளர் இருந்தார், வெனீஸ்காரர்களிடம் கிரீட் தீவில் வேலை பார்த்தவர், அங்கிருந்து நழுவி வந்து சபையில் சேர்ந்துகொண்டார். அவர் என்ன செய்தார் தெரியுமா, தோலை மத்தளம் போல விறைப்பாக இழுத்துக் கட்டி ஆங்காங்கே வைத்து, சின்ன மணிகளைத் தொங்கவிட்டார். அடியில் கடப்பாரை விழுந்தால் தோல் அதிர்ந்து மணி ஆடும். எந்தப் பக்கம் ஆடுகிறதோ அந்தப் பக்கம் இவர்கள் எதிர்ச்சுரங்கம் தோண்டி உள்ளே போய் அடிப்பார்கள். நிறையச் சுரங்கங்களை அப்படிக் கெடுத்தார். ஆனாலும் செப்டம்பர் தொடக்கத்தில் இங்கிலாந்துப் பங்கில் ஒன்று வெடித்துச் சுவர் திறந்தது. தாதினிக்கு அந்தப் போரில் ஒரு கண் போயிற்று. நீங்கள் அகழியில் இங்கிலாந்து, ஸ்பெயின் பங்குகளுக்குக் கீழே நடக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள், அடி பட்டதெல்லாம் அங்கேதான்.

ஆறு மாதம் தாக்குப்பிடித்து டிசம்பரில் பேச்சுவார்த்தை, 1523 ஜனவரி 1 அன்று மிஞ்சியவர்கள் ஆயுதத்தோடும் மரியாதையோடும் கப்பல் ஏறிப் போனார்கள்.

கடல்நண்டு:

போனவர்கள் எங்கே போனார்கள் என்று நான் சொல்கிறேன், அதோடு என் கட்சியையும் சொல்லிவிடுகிறேன். இதே ஆட்கள் 1291இல் இன்றைய இஸ்ரேலில் இருக்கிற ஆக்கர் கோட்டையை இழந்து சைப்ரஸ் போய், அங்கிருந்து ரோட்ஸ், ரோட்ஸ் போனபின் சில வருஷம் ஊர் ஊராக அலைந்து 1530இல் மால்டா. அங்கேயும் சுலைமான் விடவில்லை, 1565இல் படை அனுப்பினார், இந்தத் தடவை இவர்கள் தோற்கவில்லை. அடுத்த வருஷமே வாலெட்டா நகரத்துக்குக் கல் நாட்டினார்கள். 1798இல் நெப்போலியன் வந்து நின்றதும் மால்டாவை அநேகமாகச் சண்டையே இல்லாமல் கொடுத்துவிட்டார்கள். அதே நெப்போலியனுக்கு அடுத்த வருஷம் ஆக்கர் மதில் மட்டும் மசியவில்லை, அப்போது அது துருக்கியர் கையில்.

எனவே என் யோசனை, ரோட்ஸைவிட வாலெட்டா. ரோட்ஸில் படித்த பாடத்தையெல்லாம் வைத்துப் புதிதாகத் திட்டமிட்டுக் கட்டிய ஊர். தெருக்கள் நேர், இங்கிலீஷ் எல்லோருக்கும் தெரியும். மதில்மேல் முழுச்சுற்று நடக்கணும் என்றால் குரோவேஷியாவில் துப்ரோவ்னிக் போங்கள், 1,940 மீட்டர், சுற்றி முடிக்கலாம். ரோட்ஸில் மதில்மேல் நடையே ஒரு பகுதிக்குத்தான் அனுமதி, அதுவும் எல்லா நேரமும் திறக்க மாட்டார்கள்.

ஸ்டுட்கார்ட்_அக்கா:

நண்டு தம்பி, வாலெட்டா முழுக்க ஏற்றமும் இறக்கமும் படிக்கட்டும், துப்ரோவ்னிக் மதில் அதைவிட மோசம், கேட்கிறவர் அம்மாவுக்கு முட்டிவலி என்று தலைப்பிலேயே போட்டிருக்கிறார். ரோட்ஸ் பழைய நகரம் வடக்கே மாளிகைப் பக்கம்தான் மேடு, மற்றபடி பெரும்பாலும் சமம். விமானமும் போட்டாயிற்றாம். விடுங்கள்.

ரோட்ஸ் மதில்மேல் நடையைப் பற்றிச் சொன்னது சரி. மாளிகைப் பக்கம் ஏறி கொஸ்கினூ வாசல் பக்கம் இறங்குவது. நிழல் சுத்தமாகக் கிடையாது, பல இடத்தில் கைப்பிடியும் இல்லை. பூனை, நீங்களும் வீட்டுக்காரரும் போங்கள், அம்மாவை மருத்துவமனையில் உட்கார வையுங்கள். பயப்படாதீர்கள், அந்தத் துறவிகள் கட்டிய பழைய மருத்துவமனையைச் சொல்கிறேன், இப்போது தொல்லியல் அருங்காட்சியகம். 1440இல் ஆரம்பித்து 1489இல் முடித்த கட்டடம். எனக்குக் கேட்டால் மாளிகையைவிட இதற்குக் காசு கொடுப்பேன். மாடியில் நோயாளிகள் கிடந்த நீண்ட கூடம், நடுவில் தூண் வரிசை, சுவருக்குள் குடைந்தது போல ஜன்னலே இல்லாத சின்னச் சின்ன அறைகள், அது எதற்கு என்று ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். கூந்தலைக் கையில் பிடித்துக் குந்தியிருக்கும் காதல் தேவதை அஃப்ரோதிதியின் சின்ன பளிங்குச் சிலை அங்கேதான். முற்றத்தில் ஒரு பளிங்குச் சிங்கம், நல்ல நிழல். அம்மா அங்கே அரைநாள்கூட உட்காருவார்கள்.

உப்புக்காற்று:

இவ்வளவு பேசிவிட்டு யூதர் குடியிருப்பை யாருமே சொல்லவில்லையே. ஹிப்பொகிராதிஸ் சதுக்கத்தில் இருந்து கிழக்கே நேராக நடந்தால் கடல்குதிரை நீரூற்று உள்ள சதுக்கம் வரும், ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுக் கடந்து போய்விடுவார்கள். அதன் பெயரே யூதத் தியாகிகள் சதுக்கம். நடுவில் கறுப்புக் கல்லில் பல மொழிகளில் எழுதிய நினைவுச் சின்னம். 1944 ஜூலை 23 அன்று ஜெர்மானியர்கள் இந்தத் தீவின் யூதர்களை, 1,600க்கும் மேற்பட்டவர்களை, படகில் ஏற்றி ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பினார்கள். உயிரோடு மிஞ்சியவர்கள் ஏறக்குறைய 150 பேர். அப்போது ரோட்ஸில் துருக்கியின் துணைத்தூதராக (கான்சல்) இருந்த செலாஹத்தின் உல்குமென், துருக்கிக் குடியுரிமை உள்ளவர்கள், அவர்களைக் கட்டியவர்கள் என்று வாதாடி நாற்பதுக்கும் மேற்பட்டவர்களை விடுவித்தார்.

ஒரு சந்து தள்ளி ககால் ஷாலோம் தொழுகைக்கூடம், 1577இல் கட்டியது, கிரீஸில் இன்று இருப்பதில் மிகப் பழையது. தரை அதே கறுப்பு வெள்ளைக் கூழாங்கல் வேலை. பெண்கள் உட்கார்ந்த அறைகளைச் சின்ன அருங்காட்சியகமாக்கி வீட்டுப் போட்டோக்கள் மாட்டியிருக்கிறார்கள், கல்யாணம், பள்ளிக்கூடம், கடை வாசல். சனிக்கிழமை மூடியிருக்கும். மதில், பீரங்கி என்று அகழியிலேயே நேரம் போக்காமல் இதற்கும் ஒரு மணி நேரம் வையுங்கள்.

வரலாறும்_வம்பும்:

உப்புக்காற்று, சரியான நேரத்தில் சொன்னீர்கள். நான் சொல்லியிருக்க வேண்டியது. கடைத்தெரு மேல்முனையில் ரோஜா நிறத்தில் சுலைமான் பள்ளிவாசல், அதற்கு எதிரே 1793இல் நிறுவிய இஸ்லாமிய நூலகம், இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஹாஸ்பிடலர் துறவிகளின் தெருவோடு ஊர் முடிந்துவிடுவதில்லை.

பாஸ்போர்ட்_பாண்டி:

மார்மாரிஸ் கேள்வி அப்படியே தொங்குகிறது. அதிவேகப் படகில் ஒரு மணி நேரம்தான். ஆனால் உங்கள் ஷெங்கன் விசா ஒருமுறை நுழைவா, பலமுறை நுழைவா என்று முதலில் ஸ்டிக்கரைப் பாருங்கள். துருக்கி ஷெங்கன் நாடுகளில் சேராது, ஒருமுறை என்றால் அங்கே போன நொடியே அது முடிந்தது, திரும்ப ரோட்ஸ் வர முடியாது, ஓட்டலில் பெட்டி இருக்கும், நீங்கள் அக்கரையில் நிற்பீர்கள். பலமுறை என்றால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் செல்லுபடியாகும் ஷெங்கன் விசாவை வைத்துத் துருக்கி இ-விசா இணையத்தில் வாங்கலாம், விதிகளை அவர்களுடைய அதிகாரபூர்வத் தளத்தில் மட்டும் பாருங்கள், அதே பெயரில் காசு பிடுங்குகிற தளங்கள் நிறைய. இரண்டு பக்கமும் பாஸ்போர்ட் வரிசை உண்டு, அம்மாவை வெயிலில் நிற்க வைக்காதீர்கள்.

விசாத் தலைவலியே வேண்டாம் என்றால் சீமி தீவு. படகில் போய் அன்றே திரும்பலாம், அதுவும் கிரீஸ்தான், முத்திரை கிடையாது.

மதில்மேல்_பூனை:

ஸ்டிக்கரைப் பார்த்தேன், ஒருமுறை நுழைவுதான். பாண்டி அண்ணா, உங்களுக்குக் கோடி புண்ணியம், மார்மாரிஸ் படகுக்கு இவர் காசு கட்ட இருந்தார்.

முடிவு இப்படி. மதிலுக்குள்தான் தங்குகிறோம், ஆனால் தரைத்தள அறை, செயின்ட் கேத்தரின் வாசலுக்குப் பக்கத்தில், அதுவரை டாக்சி வரும் என்று ஓட்டல்காரர் மெயிலில் எழுதிக் கொடுத்துவிட்டார். அக்கா கோபித்துக்கொள்ளாதீர்கள். காலையில் கப்பல் வருவதற்கு முன் அகழி, வெயில் ஏறியதும் மருத்துவமனை, மதியம் தூக்கம், சாயங்காலம் சந்துகளும் ககால் ஷாலோம் பக்கமும். சீமி ஒரு நாள். லிந்தோஸ் போவோமா தெரியவில்லை.

ஸ்டுட்கார்ட்_அக்கா:

கோபம் ஒன்றுமில்லை, தரைத்தளம் என்றால் சரிதான். ஆனால் ககால் ஷாலோமைச் சாயங்காலத்துக்குத் தள்ளாதீர்கள், சீக்கிரம் மூடிவிடுவார்கள், காலையில் மருத்துவமனைக்கு முன்னால் வையுங்கள். அம்மாவுக்குத் தடித்த அடிப்பாகம் உள்ள ஷூ வாங்குங்கள், செருப்பு வேண்டாம். லிந்தோஸ் 50 கிலோமீட்டர், பஸ் இருக்கிறது, குன்றின்மேல் இருக்கிற பழைய கோவிலுக்கு ஏறுவது அம்மாவால் ஆகாது. கீழே கிராமமும் குளிக்கிற கடலும் போதும் என்றால் போங்கள்.

ஊர்சுற்றி_கோவை:

ஆக உள்ளே தங்குவது என்று என் கட்சி ஜெயித்தது. மாளிகையைப் பட்டியலில் காணோமே பூனை?

மதில்மேல்_பூனை:

வீட்டுக்காரர் போகணும் என்கிறார். முசோலினி கல்வெட்டைப் பார்க்கணுமாம்.

வரலாறும்_வம்பும்:

கல்வெட்டு வாசல் பக்கம்தான் இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் டிக்கெட் காசு மிச்சம். அந்தக் காசுக்கு மெலெகூனி வாங்குங்கள்.